சணல் சுற்றிய முட்டைகள்

அன்று காலை வேனில் ஏறியவர்கள் ஐந்து பேர். அம்மா, அத்தை, அக்கா, நான், வண்டியை ஓட்டிய மாமா. அத்தை அப்பாவின் தங்கை; அம்மாவும் அவளும் பட்டாசுக் கம்பெனியில் ஒரே ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள். மாமா சொந்தமில்லை, எங்கள் தெருக்காரர். வருஷம் முழுக்க ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போய்வரும் வேன் அவருடையது. வராதவர்கள் இரண்டு பேர். அக்காவின் வீட்டுக்காரருக்கு எம். புதுப்பட்டியில் ஒரு காதுகுத்து. அப்பாவுக்குக் கம்பெனியில் காவல். தீபாவளி முடிந்து பூட்டியிருக்கும் நாட்களில் அவர்தான் அங்கே இருப்பார். ஆனால் காவல் இல்லாவிட்டாலும் வந்திருக்கமாட்டார். தண்ணீர் மேலிருந்து கீழே விழுவதைப் பார்க்க யாராவது டீசல் போட்டுக்கொண்டு போவார்களா என்று முதல் நாளே கேட்டுவிட்டார்.

அம்மா அருவி பார்த்ததில்லை. இதைச் சொன்னால் கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் நம்பமாட்டார்கள். குற்றாலம் எங்களுக்கு இரண்டு மணி நேரம்தான். ஆனால் குற்றாலத்தில் சீசன் வரும்போது எங்களுக்கும் சீசன். ஆனியிலும் ஆடியிலும் ஆர்டர் நெருக்கும். ஞாயிற்றுக்கிழமைகூட வேன் வந்து ஹாரன் அடிக்கும். எங்களுக்கு லீவு விடும்போது அங்கே கூட்டம் போய்விட்டிருக்கும், எங்கள் கையில் காசும் போய்விட்டிருக்கும். அப்படியே வருஷங்கள் போயின.

எங்கள் வீட்டுச் சுவரில், அரிசி டப்பா வைக்கும் பலகைக்கு மேலே, நான் ஏழாவது படித்த காலத்திலிருந்து ஒரு படம் ஒட்டியிருக்கிறது. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்களில் கலர் விலகிப்போன தாள்களை எடைக்குப் போடுவார்கள். பலகையில் விரிக்க, பொட்டலம் மடிக்க, காரை உதிர்ந்த இடத்தை மறைக்க என்று எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அந்தத் தாள் இருக்கும். அப்படி வந்ததுதான் அந்தப் படம். ஒரு ஆறு, கரையில் செங்குத்தான வெள்ளைப் பாறை, பாறையின் உச்சியில் ஒரு கற்கோட்டை. பக்கத்து மரங்களுக்குள்ளிருந்து ஒல்லியாக ஓர் அருவி. சிவப்பு மட்டும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்ததால் கோட்டைக்கு இரண்டு விளிம்பு இருக்கும். அடியில் பொடி எழுத்தில் ஊரின் பெயரும் பிரான்ஸ் என்றும் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அதுவரை அம்மா அதை யாரோ வரைந்த படம் என்று நினைத்திருந்தாள்.

"நெசமாவே இப்படி ஒரு ஊரு இருக்கா?"

இருக்கிறது என்றேன். அந்த வயதில் எனக்கும் தெரியாது. அச்சில் இருந்தால் உண்மை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு பழைய ஸ்மார்ட்போன் வாங்கினேன். அந்த ஊரின் பெயரைத் தட்டித் தேடியபோது ஆறும் பாறையும் கோட்டையும் அப்படியே வந்தன, சிவப்பு விலகாமல். பிரான்சின் தென்மேற்கே விவசாயம் நடக்கிற பகுதி அது. தெருக்களைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். அம்புக்குறியைத் தொட்டால் அடுத்த அடிக்குப் போகலாம். அம்மாவின் விரலை ஸ்கிரீன் ஏற்கவில்லை. பதினெட்டு வருஷம் கம்பெனியில் வெடிக்குச் சணல் சுற்றிய விரல், நுனியில் ரேகை கிடையாது. அதனால் நான் தொட, அவள் எங்கே போகவேண்டும் என்று சொல்வாள். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், அது வேகும்வரை நாங்கள் அந்த ஆற்றங்கரை ரோட்டில் நடப்போம். ஜன்னல்களுக்கு நீலப் பலகைக் கதவு. வாசலில் பூந்தொட்டி. வால்நட் தோப்பு. ஒரு பாலத்தின் நடுவில் சைக்கிளோடு நின்ற கிழவரின் முகத்தை மட்டும் கலைத்திருந்தார்கள்.

"ஏன்யா இவுக மூஞ்சிய அழிச்சிருக்காக?"

ஆள் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக என்றேன்.

"நம்மளப் படம் புடிச்சா நம்ம மூஞ்சியவும் அழிப்பாகளா?"

எல்லாருக்கும் அப்படித்தான் என்றேன். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பக்கத்து மலைக்குகைகளில் ஆதிமனிதர்கள் வரைந்த மாடுகள் இருந்தன. அதையும் காட்டினேன். எத்தனை ஆயிரம் வருஷம் என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. மாட்டுக்குத் திமில் சரியாக விழுந்திருக்கிறது என்றாள். கடைசியில் அருவிக்குப் போனோம். மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, பாசி பிடித்த கல், வெள்ளையாகத் தண்ணீர். அம்மா போனை வாங்கிக் காதருகே கொண்டுபோனாள்.

"சத்தம் வரலையே."

இது போட்டோ, சத்தம் வராது என்றேன். ஒரு வீடியோவைத் தேடிப் போட்டிருந்தால் அன்றோடு விஷயம் முடிந்திருக்கும். எனக்கு என்ன தோன்றியதோ, "நேர்லயே கேக்கலாம்மா, நம்ம மலையிலயே இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு மாதமும் ஒரு தடவையாவது, எப்போது மழை விழும், எப்போது மலையில் தண்ணீர் வரும் என்று கேட்க ஆரம்பித்தாள். அதுவரை அவள் என்னிடம் எதையும் வேண்டும் என்று கேட்டவள் இல்லை.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. அடுத்த திங்கட்கிழமை கம்பெனி திறக்கப் பூஜை. அன்று இரவே நான் சென்னைக்கு பஸ் ஏறவேண்டும். செவ்வாய்க்கிழமை வேலையில் சேரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. நடுவில் இருந்தது அந்த ஒரு ஞாயிறு. நான் ஒரு தாளில் திட்டம் போட்டேன். முதலில் வெம்பக்கோட்டையில் அகழாய்வு நடக்கும் மேடு. பிறகு ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓர் அருவி. திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் நாயக்கர் அரண்மனை. பிரான்சில் கோட்டை, ஆதிகாலம், அருவி என்று என்னென்ன இருந்தனவோ அத்தனையும் நம் பக்கத்திலும் இருக்கின்றன என்று அம்மாவுக்குக் காட்டிவிடவேண்டும் என்றுதான். அருவியின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

காட்டுக்குள் என்னென்ன கொண்டுபோகக்கூடாது என்று இணையத்தில் படித்து வைத்திருந்தேன். பிளாஸ்டிக் கூடாது, தீப்பெட்டி கூடாது, மது கூடாது. தீப்பெட்டியைப் பற்றிக் கவலையில்லை. எங்கள் ஆட்கள் கம்பெனி இல்லாத நாளில்கூட இடுப்பில் தீப்பெட்டி வைக்கமாட்டார்கள். பிளாஸ்டிக் விஷயத்தில்தான் நான் கறாராக இருந்தேன். கேரிபேக் ஒன்றுகூடக் கூடாது என்று எல்லாரிடமும் சொன்னேன். புளிச்சோற்றை வாழையிலையில் வைத்து, அதன்மேல் வேஸ்ட் ஷீட் சுற்றி மடித்தோம். அந்த வாரம் வீட்டில் இருந்த வேஸ்ட் ஷீட் காலண்டர் தாள் இல்லை. ஆட்டம் பாமுக்கு ஒட்டுகிற லேபிள், வெட்டாமல் முழுத்தாளாக. ஒரு தாளில் நாற்பத்தெட்டு குண்டு, நாற்பத்தெட்டுத் தீப்பிழம்பு. எங்களுக்கு அது தாள். அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பத்து முட்டை அவித்திருந்தாள் அம்மா. வேன் குலுங்குகிற குலுங்கலில் உடைந்துவிடும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் பொதிந்து, சணல் உருண்டையை எடுத்துச் சுற்றினாள். அவள் கம்பெனியில் பார்க்கிற வேலையே அதுதான், குண்டுக்குச் சணல் சுற்றுவது. பேசிக்கொண்டே சுற்றினாள், கையைப் பார்க்கவில்லை. சுற்றி முடித்து, திரிக்கு விடுகிற மாதிரி மேலே ஒரு விரல் நீளத்துக்கு வால் விட்டு நறுக்கினாள். பத்தையும் வயர்கூடையில் அடுக்கினாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

கூடையோடு இன்னொரு பை. அக்கா வைத்தது: துண்டு, மஞ்சள்தூள், மாற்றுச்சேலைகள். அம்மா அருவியில் நனைவதற்கென்று சாயம் போன ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். குளித்த பிறகு கட்ட, தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலை பையில் இருந்தது.

வெம்பக்கோட்டை மேட்டில் அன்று வேலை நடக்கவில்லை. மழைக்காகக் குழிகளைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். அங்கிருந்த காவலாளி ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு குழிகளின் தார்ப்பாயை மட்டும் விலக்கிக் காட்டினார். சதுரம் சதுரமான குழிகள், நடுவில் நடக்க வரப்பு மாதிரி விட்ட சுவர். இங்கே சங்கு வளையல் செய்திருக்கிறார்கள், கண்ணாடி மணி செய்திருக்கிறார்கள், எல்லாம் பல நூறு வருஷங்களுக்கு முன்னால் என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தைதான் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மதினி, நம்ம கம்பெனி மாதிரியே ரூமு ரூமாப் பிரிச்சிருக்காக. ஒரு ரூமுக்கு நாலு பேருதான் வச்சிருப்பாகளோ?" என்றாள். விபத்துக்குப் பயந்து பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரவிடமாட்டார்கள். காவலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோண்டுகிற வேலைக்கு எவ்வளவு கூலி என்று அத்தை அவரிடம் கேட்டாள். அவர் சொன்னார். நம்ம கூலி பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வேனில் ஏறினாள்.

ஆலங்குளம் தாண்டியதும் மலை தெரிந்தது. பாதிக்கு மேல் மேகம். அம்மா முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள். எது அருவி இருக்கிற மலை என்று கேட்டாள். நான் ஒன்றைக் காட்டினேன். அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

அருவிக்குப் போகிற வழியில் வனத்துறை செக்போஸ்ட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். ஆளுக்கு முப்பது, வேனுக்கு ஐம்பது என்று சீட்டுக் கிழித்தார்கள். மூன்று மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று பலகையில் எழுதியிருந்தது. இருநூறு ரூபாயையும் அம்மாதான் கொடுத்தாள், முந்தானை முடிச்சை அவிழ்த்து. போனஸ் பணம். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் என்றார் இளவயதுக் காவலர் ஒருவர். மழை நன்றாகப் பெய்திருக்கிறது, தண்ணீர் நிறைய விழுகிறது என்றும் சொன்னார். பிறகு வழக்கம்போலப் பைகளைப் பார்க்க வேனுக்குள் ஏறினார்.

கூடையின் துணியை விலக்கியவர் அப்படியே பின்வாங்கிக் கீழே இறங்கினார். கத்தவில்லை. எங்களையும் இறங்கச் சொன்னார். மாமாவிடம் சாவியைக் கேட்டார். நான் ஏன் என்று கேட்கப் போனபோதுதான் அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். பத்து ஆட்டம் பாம், வாலோடு.

"சார், அது முட்டை சார்" என்றேன்.

"தள்ளி நில்லு தம்பி."

போன வாரம் காட்டுப்பன்றிக்கென்று யாரோ வைத்த வெடியைக் கடித்து ஒரு பசுமாட்டின் வாய் கிழிந்திருக்கிறது. அதிலிருந்து எல்லா வண்டியையும் சோதனை போடச்சொல்லி உத்தரவு. இதை அவரே பின்னால் சொன்னார். அப்போது அவர் முகத்தில் பயம்தான் இருந்தது. கூடைக்கருகே போய் முகர்ந்து பார்த்தார். வெடிமருந்து நெடி அடித்தது. அடிக்கத்தான் செய்யும். அம்மா தினமும் கம்பெனிக்குக் கொண்டுபோகிற கூடை அது. எவ்வளவு கழுவினாலும் போகாது. அவள் கையிலேயே போகாது.

அம்மா நிதானமாகப் போய் ஒரு முட்டையை எடுத்தாள். காவலர் வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள் சணலைப் பிரித்து, தாளை உரித்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"முட்டைதான்யா. உடையாம இருக்கட்டும்னு சுத்துனேன். கை அப்படியே பழகிப்போச்சு."

இன்னும் இரண்டைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தாள். சோற்றுப் பொட்டலம் ஒன்றைத் திறந்து காட்டச்சொன்னார். புளி வாசம் வந்தது. காவலர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எந்த ஊரம்மா நீங்கள் என்றார். அத்தை சொன்னாள். அதானே என்றார். பயமுறுத்திவிட்டீர்களே அம்மா என்று சொல்லிவிட்டு, மாமாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா வேனில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

வண்டியைச் சோதனை போட்டதற்கு நோட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார் காவலர். நீலக் கட்டம் போட்ட பெரிய நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடித்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் பெயர், ஊர், ஆட்கள் எத்தனை, 'ஒன்றுமில்லை' என்று எழுதிப்போயிருந்தார்கள். கைநாட்டுகளும் இருந்தன. எங்கள் ஐந்து பேரில் எழுதத் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஆனால் எழுதும் இடம் வந்தால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் பேனாவை வாங்கினேன்.

இப்போது அந்த வரிகளை நினைத்தால் உடம்பு கூசுகிறது. சுருக்கமாக எழுதினால் மறைத்ததாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. பின்னால் யாரும் கேள்வி கேட்காதபடி எல்லாவற்றையும் தெளிவாக எழுதிவிடவேண்டும் என்று நினைத்தேன். உணவுப் பொருட்கள் பட்டாசு லேபிள் தாளில் பொதியப்பட்டு, வெடி போன்ற வடிவில் சணலால் சுற்றப்பட்டிருந்தன என்று எழுதினேன். இக்கூடை என் தாயார் அன்றாடம் பட்டாசு ஆலைக்குக் கொண்டு செல்வதாகையால் அதில் வெடிமருந்தின் நெடி உள்ளது என்று எழுதினேன். இவ்வாகனமும் பட்டாசு ஆலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்வதே என்றும் எழுதினேன். ஆறு வரி. பிழையில்லாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன்.

காவலர் வாங்கிப் படித்தார். இரண்டாம் முறை படித்தார்.

"ஏன் தம்பி இதெல்லாம் எழுதுன?"

"உண்மைதானே சார்."

"வாயால சொன்னீக, நானும் விட்டேன். இப்ப எழுதிட்டியே. இந்த நோட்டு வாரா வாரம் மேல போகும். வெடி, மருந்துன்னு எழுதுன பக்கத்துல நான் அனுப்பினேன்னு கையெழுத்துப் போட்டா என்னையத்தான கேப்பாக."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று மாமா கேட்டார். பக்க நம்பரைக் காவலர் விரலால் தொட்டுக் காட்டினார். அடித்துவிட்டு எழுதினால் இன்னும் மோசம் என்றார். அவருடைய மேலதிகாரியான வனவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேனையும் கூடையையும் விடமுடியும். வயர்லெஸில் கூப்பிட்டார். வனவர் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். வந்துவிடுவார் என்றார்கள். எத்தனை மணிக்கு என்று யாரும் சொல்லவில்லை.

செக்போஸ்ட் ஓரத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த கார்கள், பைக்குகள், ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்கள் வந்த வேன், எல்லாம் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு உள்ளே போயின. ஒன்றரை மணிக்கெல்லாம் முதலில் போனவர்கள் தலை ஈரத்தோடு திரும்பி வர ஆரம்பித்தார்கள். ஒரு பெண் முடியை உதறிக்கொண்டே போனபோது துளி அத்தையின் மேல் தெறித்தது. அத்தை அதைத் துடைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஏலே மருமகனே, நீயும் கைநாட்டு வச்சிருந்தா இந்நேரம் நாங்க குளிச்சிட்டுத் தலை துவட்டிக்கிட்டு இருப்போம்லே."

அக்கா சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அந்தக் காவலர் நல்ல மனிதர். அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, இரண்டு மணிவாக்கில் எங்களிடம் வந்தார். வேனும் எழுதின தம்பியும் இங்கே இருக்கட்டும், பெண்கள் மூன்று பேரும் வேண்டுமானால் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், சீட்டுத்தான் இருக்கிறதே என்றார். மெதுவாக நடந்தாலும் நாலு மணிக்குள் திரும்பிவிடலாம். அத்தை அப்போதே எழுந்து சேலையைத் தட்டினாள். அக்கா பையை எடுத்தாள்.

அம்மா எழுந்திருக்கவில்லை.

"அவன விட்டுட்டு நான் எங்கன போக."

ஒன்றும் ஆகாது, வனவர் வந்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது, நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொன்னேன். காவலரும் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு வேறு. எங்கள் பக்கம் கம்பெனியில் ரெய்டு வந்தால், பேசினவனைப் பிடிக்கமாட்டார்கள், வேலை பார்த்தவனைப் பிடிக்கமாட்டார்கள். நோட்டில் யார் கையெழுத்து இருக்கிறதோ அந்த போர்மேனைத்தான் ஜீப்பில் ஏற்றுவார்கள். அவள் கண் முன்னால் அப்படிப் போனவர்கள் உண்டு. மருந்து என்று எழுதி, கீழே பெயரும் எழுதி, தேதியும் போட்டிருக்கிறான் மகன். ஜீப் வரும்போது அவள் அங்கே இல்லாமல் போனால்?

"அம்மா, இது வேற. இது முட்டை" என்றேன்.

"தெரியும்யா" என்றாள். எழுந்திருக்கவில்லை.

அவள் போகாததால் அத்தையும் போகவில்லை. அக்கா பையைத் திரும்பக் கீழே வைத்தாள். நான் கெஞ்சினேன், கோபப்பட்டுப் பார்த்தேன். படித்தவன், விவரம் தெரிந்தவன் என்று எங்கள் தெருவே என்னிடம் ரேஷன் கார்டையும் பேங்க் பேப்பரையும் கொண்டுவந்து நீட்டும். அங்கே நான் சொன்ன ஒரு வார்த்தையை என் அம்மாவை நம்பவைக்க முடியவில்லை.

பேச்சை மாற்ற, அந்த பிரான்ஸ் ஊரை எடுத்துக் காட்டவா என்று கேட்டேன். காட்டு என்றாள். போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் கொஞ்சநேரம் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேச்சு ஓய்ந்தபோது மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இரைகிற மாதிரி, விட்டுவிட்டு. அம்மா நிமிர்ந்தாள். அவள் கண்கள் என்னிடம் வந்தன. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் காவலரைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"ஏங்கய்யா, அந்தச் சத்தம் அருவிங்களா?"

"இல்லம்மா, அது காத்து. அருவிச் சத்தம் இங்கன வரைக்கும் கேக்காது."

அவரும் உண்மையைத்தான் சொன்னார்.

வனவர் வந்தபோது மூன்று இருபது. மோட்டார்சைக்கிளில் வந்தார், மழைக்கோட்டோடு. அம்மா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. அவர் நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார். மீதி முட்டைகளையும் பிரிக்கச் சொன்னார். அம்மா என் கையை விட்டுவிட்டுப் பிரிக்க உட்கார்ந்தாள். ஏழு முட்டையையும் மளமளவென்று பிரித்தாள். சணலை வீணாக்காமல் விரலில் சுற்றி உருண்டையாக்கிக் கூடையில் போட்டாள். அவள் வேகத்தைப் பார்த்து வனவருக்கு முகம் இளகியது. ஒரு நாளைக்கு எத்தனை சுற்றுவீர்கள் என்று கேட்டார். அம்மா எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற மாதிரி எண்ணிக்கையைச் சொன்னாள்.

என் ஆறு வரிக்குக் கீழே அவர் ஒரே வரி எழுதினார். சோதித்ததில் அவித்த முட்டை என்று தெரியவந்தது. கையெழுத்துப் போட்டார். லேபிள் தாள்களை மட்டும் நோட்டோடு வைத்துக்கொண்டார். "நல்ல கையெழுத்துப்பா உனக்கு" என்று என்னிடம் சொன்னார். கேலியாகச் சொன்னமாதிரி தெரியவில்லை.

இப்போது போகலாமா என்று அக்கா கேட்டாள். கேட்டை ஏற்கெனவே இறக்கிப் பூட்டியிருந்தார்கள். மேகம் வேறு இறங்கிவிட்டது, தண்ணீர் திடீரென்று கூடினால் உள்ளே இருக்கிறவர்களையே கீழே கொண்டுவருவது கஷ்டம் என்றார் வனவர். அந்தச் சீட்டு நாளைக்கும் செல்லும்படி எழுதித் தருவதாகச் சொன்னார். நாளைக்கு வாருங்கள். நாளைக்குக் கம்பெனிக்குப் பூஜை. நாளை இரவு எனக்கு பஸ். இதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. அம்மா இரண்டு கையையும் கூப்பி, "சரிங்கய்யா, ரொம்ப நன்றிங்க" என்றாள். அவள் குரலில் நிம்மதி இருந்தது. மகனை ஜீப்பில் ஏற்றவில்லை.

அரண்மனைக்கும் நேரமில்லை. ராஜபாளையத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்திப் புளிச்சோற்றை வேனுக்குள்ளேயே சாப்பிட்டோம். மாமா ஏதேதோ சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அம்மா பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆலங்குளம் வரும்வரைக்கும் தலையைத் திருப்பி மலை இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே மேகம் மட்டும்தான் இருந்தது. அடுத்த வருஷம் தீபாவளிக்கு வரும்போது கண்டிப்பாகப் போவோம் என்று நான் சொன்னேன். முதல் வருஷம் லீவு கிடையாது என்று வேலைக் கடிதத்திலேயே படித்திருந்தேன். அவளுக்கு அது தெரியாது. "ம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பையைப் பிரித்தாள். துண்டு மடிப்புக் கலையவில்லை. பச்சைச் சேலையை அம்மா வாங்கி மறுபடி பெட்டியில் வைத்தாள். அந்தச் சாயம் போன சேலையோடேயே அடுப்படிக்குப் போனாள்.

அப்பா சாப்பிட வந்தார். நடந்ததை அத்தை ஏற்கெனவே தெருவில் வைத்தே சொல்லி முடித்திருந்தாள். தட்டில் உரித்த முட்டையை வைத்தாள் அம்மா. தலைக்கு மேலே பலகையும், அதன் மேலே அந்தப் படமும். அவர் முட்டையைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் சேத்து எம்புட்டு ஆச்சு?"

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மீதியைத் தரையில் வைத்தாள். வேன் வாடகை, சீட்டு, டீ, முட்டை எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"ரெண்டாயிரத்து எண்ணூத்தி அறுவது."